அருமை என்று சொல்லக் கூடாது

அவள் தற்காலிக விரிவுரையாளர். மொழிகள் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்பது அவள் துறை. ஒலி மாற்றம் எப்போதும் அடிக்கடி புழங்கும் சொற்களில்தான் தொடங்கும் என்ற கோட்பாட்டை எட்டு வருடமாகக் கட்டிக்கொண்டு அழுகிறாள். ஈ காக்கை கூட அதை மறுத்ததில்லை. வழிகாட்டிப் பேராசிரியர், "நல்லா இருக்கும்மா" என்று புரட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவரோ, ஆய்வேட்டின் நன்றியுரையில் தன் பெயரைக் கண்டதும் பரம திருப்தியோடு மூடிவைத்தவர், இன்னும் திறக்கவில்லை. எதிர்த்துப் பேச ஒரு நாதி இல்லாமல் என்ன ஆராய்ச்சி?

ஆகவே அவளே ஒரு கூட்டம் கூட்டினாள். பல ஊர்களிலிருந்து பதினோரு இளம் ஆய்வாளர்கள். அவரவர் கோட்பாடு பற்றி மட்டுமே பேச்சு. வாய் திறக்க யாரும் பயப்படக் கூடாது என்று பேராசிரியர்களை அழைக்கவே இல்லை. தன் கட்டுரையை ஒரு மாதம் முன்பே அனுப்பியிருந்தாள்.

வந்தவர்களில் ஒரு தாடிக்காரர்தான் முதலில் எழுந்தார். "அருமைங்க. இன்னும் கொஞ்சம் தரவு சேர்த்தா இன்னும் அருமையா இருக்கும்."

அடுத்தவர் அதை வழிமொழிந்தார். இன்று முறைத்துக்கொண்டால், நாளை நேர்முகத் தேர்வில் எதிரே யார் உட்கார்ந்திருப்பார்களோ என்ற பயம் எல்லோருக்கும். மதியத்துக்குள் ஒன்பது அருமை. சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்: "அருமை என்று சொல்லக் கூடாது."

தாடிக்காரர் மிகவும் யோசித்துவிட்டு, "மிகச் சிறப்புங்க" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது கடைசி வரிசையில் ஒருத்தி கை தூக்கினாள். பதினோரு மணி நேரம் பஸ்ஸில் வந்து, காலை முழுக்கத் தூங்கி வழிந்தவள்.

"ஏழாம் பக்கத்துல ஒரு சந்தேகம். அடிக்கடி புழங்கற சொல் பழைய ஏடுகள்ல நூறு இடத்துல கிடைக்கும். எப்ப மாறுச்சுன்னு உடனே தெரிஞ்சுடும். அபூர்வமான சொல் நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அது எப்பவோ மாறியிருந்தாலும் நமக்குத் தாமதமாத்தானே தெரியும்? அப்ப அடிக்கடி புழங்கற சொல் முதல்ல மாறுச்சா, இல்ல முதல்ல நம்ம கண்ணுல பட்டுச்சா?"

அவள் தன் கட்டுரையின் ஏழாம் பக்கத்தைத் திறந்து மறுபடி படித்தாள்.

"எனக்கும் அது உறுத்துச்சு" என்றார் தாடிக்காரர் மெதுவாக.

"காலையிலயே ஏன் சொல்லலை?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

அவ்வளவுதான், எல்லாருக்கும் வாய் திறந்துகொண்டது. தாடிக்காரரின் கோட்பாட்டையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார். ஐந்து மணிக்கு அறையைப் பூட்ட வந்த காவலாளி, இவர்களை விலக்கிவிடுவதா வேண்டாமா என்று வாசலிலேயே தயங்கி நின்றார்.

அவள் வராந்தாவுக்கு வந்து கணவரை அழைத்தாள். "இன்னைக்கு வர நேரமாகும்."

"என்னாச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கே."

"எட்டு வருஷமா நான் சொல்லிட்டிருந்தது தப்பு போலிருக்குங்க."

"அடப்பாவமே. அழறியா?"

"ஆமா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒருத்தி முழுசாப் படிச்சிருக்கா."