அம்மாவின் ஈரப் பாய்

விருத்தாசலத்தில், எங்கள் பழைய வீட்டின் தரைமேல் அண்ணன் வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தான். அதன்மேல் அம்மா விரித்துப் படுத்த பாய் தினமும் காலையில் நனைந்து நாறியது. "வயசாயிடுச்சு, தெரியாமலே ஒண்ணுக்குப் போயிடுறாங்க, வூடே நாறுது" என்று அவளைத் தோட்டத்துத் தகரக் கொட்டகைக்கு மாற்றினான்.

"நான் இல்லடி" என்று அம்மா என்னிடம் போனில் அழுதாள். அந்த மார்கழிப் பனியை அவள் தாண்டவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலையில், வீட்டுக்குள் அம்மா முன்பு படுத்த அதே இடத்தில் நான் விரித்துப் படுத்த பாயும் நனைந்து நாறியது. கொத்தனார் டைல்ஸைப் பெயர்த்தார். அடியில், கக்கூஸிலிருந்து போகும் பழைய பீங்கான் குழாய் விரிசல் விட்டுக் கசிந்துகொண்டிருந்தது.

"ரொம்ப நாளா ஒழுவுதுங்க" என்றார்.

கொட்டகையில் அம்மாவின் பாய் ஒரு நாளாவது நனைந்ததா என்று அண்ணனின் சட்டையைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் எங்க போய்ப் பாத்தேன்?" என்றான்.