கைகள் முளைத்த சூரியன்

தொண்ணூற்றெட்டில் நான் நியூ ஜெர்சிக்கு வேலைக்கு வந்தேன். மனைவியும் ஒன்றரை வயது மகளும் கீழக்கரையில் இருந்தார்கள். வேலை நிலைக்கும் என்று தெரிந்த பிறகு அவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தோம். ஜெர்சி சிட்டியில் எனக்கு ஓர் அறை. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தை விட்டு வந்தால் திங்கள் காலை வரை பேச ஆள் கிடையாது. திங்களன்று மேனேஜரிடம் குட் மார்னிங் சொல்லும்போது தொண்டை கரகரக்கும்.

சனிக்கிழமை துணி துவைக்க லாண்ட்ரோமட்டுக்குப் போவேன். அங்கே துணி மடித்துக் கொடுக்கும் வேலையில் ஒரு எகிப்துக்காரர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஜும்ஆ தொழுகையில் பார்த்த முகம் என்பதால் ஸலாம் சொன்னேன். சொந்த ஊர் லக்ஸர் என்றார். அங்கே கோயில்களையும் கல்லறைகளையும் சுற்றிக்காட்டும் கைடாகப் பதினெட்டு வருடம் இருந்தவர். அங்கே சுற்றுலாப் பயணிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து, வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றுபோனதும் இங்கே வந்துவிட்டார்.

எகிப்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சிறுவயதில் மதரஸாவில் கேட்டதுதான். தன்னையே இறைவன் என்று சொல்லிக்கொண்ட கொடுங்கோலன் ஃபிர்அவ்ன், கடலில் மூழ்கியவன். அதை அவரிடம் சொன்னேன்.

"எந்த ஃபிர்அவ்ன்? எங்க ஊர்ல ராஜாவுக்கே அதுதான் பட்டம், நிறையப் பேர் இருந்தாங்களே," என்றார்.

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். இருவருக்குமே அது இரவல் மொழி என்பதால் அவசரமில்லாமல் பேசினோம். மெஷின் சுற்றி முடிப்பதற்குள் அவர் ஒரு ராஜ்யத்தையே சொல்லிவிடுவார். சூரிய தெய்வமான ரா பகலெல்லாம் படகில் வானத்தைக் கடக்கிறது. இரவில் பாதாளத்தில் ஒரு பெரும் பாம்போடு போராடித்தான் மறுநாள் எழுகிறது. அரசன் அந்த ராவின் மகன். அவன் முறையாகப் பூசை நடத்தினால்தான் உலகம் ஒழுங்காக நடக்கும் என்று மக்கள் நம்பினார்கள். "அப்படி நம்புற ஜனங்க எப்படி அரசனை எதிர்த்துப் பேசுவாங்க?" என்று கேட்டுவிட்டு யாருடைய சட்டையையோ மடிப்பார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், ஆற்றுக்கு அடியில் போகும் ரயிலைப் பிடித்து நியூயார்க்கில் ஓர் அருங்காட்சியகத்துக்கு என்னை அழைத்துப் போகத் தொடங்கினார். எனக்கு அந்த ஊரின் ரயில்கள் பிடிபடவே இல்லை. எங்கே இறங்குவது, எங்கே மாறுவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்த நாட்களுக்காகவே வாரம் முழுவதும் காத்திருந்தேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. உடைந்த ஒரு சுண்ணாம்புக் கல்லின் முன் நின்றோம். மேலே வட்டமான சூரியன். அதிலிருந்து கோடுகளாக இறங்கும் கதிர்கள். ஒவ்வொரு கதிரின் நுனியிலும் ஒரு சின்னக் கை. மற்ற தெய்வங்களின் கோயில்களை மூடிவிட்டு இந்தச் சூரிய வட்டத்தை மட்டும் வணங்கிய ஒரு அரசன் காலத்துக் கல் அது.

"கை யார்கிட்ட போகுதுன்னு பாரு," என்றார்.

பார்த்தேன். கைகள் உயிரின் சின்னத்தை ஏந்தி அரசனின் மூக்கருகிலும் அரசியின் மூக்கருகிலும் நீட்டிக்கொண்டிருந்தன. கீழே குனிந்து நின்ற மற்றவர்களை ஒரு கைகூடத் தொடவில்லை. சூரியனை அரசன் கும்பிடுவான், ஜனங்கள் அரசனைக் கும்பிட வேண்டும், வெயில் எல்லார்மேலும் விழுந்தாலும் அதன் அருள் அரண்மனை வழியாகத்தான் வரும் என்று விளக்கினார்.

பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா, கொஞ்சம் உரக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எகிப்துக்காரர் குரலை உயர்த்தினார். இரண்டு பேர் நான்கானார்கள், நான்கு பேர் இருபதானார்கள். அந்த அரசன் இறந்ததும் பழைய கோயில்கள் திறக்கப்பட்டதையும், அவன் பெயரைக் கற்களிலிருந்து உளியால் செதுக்கி எடுத்ததையும் சொன்னார். அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. கை தானாகவே காற்றில் கோடுகள் போட்டது. ஜெர்மன் பேசிய ஒரு தம்பதிக்கு ஜெர்மனிலேயே பதில் சொன்னார். லாண்ட்ரோமட்டில் நான் பார்த்த மனிதரே இல்லை.

காவலர் வந்தார். அனுமதி இல்லாமல் இங்கே கூட்டம் சேர்த்துப் பேசக்கூடாது என்று மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு அடையாள அட்டை கேட்டார். எகிப்துக்காரர் தன் கோட்டுப் பைகளைத் துழாவினார். காவலர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இவரோட வந்தவரா?"

எனக்கு விசா ஞாபகம் வந்தது. மகளின் முகம் ஞாபகம் வந்தது. "இல்ல, நான் தனியா வந்தேன்," என்றேன்.

எகிப்துக்காரர் என்னைப் பார்க்கவில்லை. காவலர் அவரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். கூட்டம் கலைந்தது. நான் அந்தக் கல்லைப் பார்ப்பதுபோல் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். அவர் போயிருப்பார் என்று நினைத்துத்தான் வெளியே வந்தேன்.

படிக்கட்டில், குளிரில், காதுவரை மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு ரயில் மாறத் தெரியாதே," என்றார். "வா."

ரயில் மாறும் இடங்களில் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன்.

மறுநாள் போன் கார்டு போட்டு மனைவியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அந்த மனுசர் அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போயிருக்காரு. அவரையா யாருன்னே தெரியாத மாதிரி சொன்னீங்க?" என்றாள். "போய் மன்னிப்புக் கேளுங்க."

சனிக்கிழமை போய்க் கேட்டேன். அவர் ஒரு படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். மறுமுனையை என்னிடம் நீட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து மடித்தோம்.

"தப்பில்ல. எங்க ஊர்ல போலீஸ்காரன் கேட்டிருந்தா நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்," என்றார். அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டே, "ஆனா அந்தக் கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சு, இல்ல?" என்று கேட்டார்.

ரொம்ப நல்லா இருந்தது என்றேன். அன்று தேநீரும் கொடுத்தார். ஆனால் ஞாயிறுகளில் வேலை இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். நானும் வற்புறுத்தவில்லை. சனிக்கிழமைகளில் ஸலாம், நலமா, மகள் பேசுகிறாளா, அவ்வளவுதான் பேச்சு. மார்ச்சில் ஒரு வாரம் அவர் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். பள்ளிவாசலில் விசாரித்தேன். டெக்ஸாஸில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்றார் ஒருவர். ஊருக்கே திரும்பிவிட்டார் என்றார் இன்னொருவர். முகவரி யாரிடமும் இல்லை. அவருடைய முழுப் பெயரை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகஸ்டில் மனைவியும் மகளும் வந்தார்கள். எடிசனில் வேறு வீடு பார்த்துக் குடிபோனோம். அங்கே துணி துவைக்கும் மெஷின் வீட்டுக்குள்ளேயே இருந்தது.