நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மயிலாப்பூரில் ஒரு டிபன் ஹோட்டல் வாசலில் என் பிஎச்.டி. செத்துப்போனது.

வாசலில் ஒரு பெண், கையில் டேப்லட். "எத்தனை பேர் மேடம்? பேரும் போன் நம்பரும் சொல்லுங்க. டேபிள் ரெடியானதும் மெசேஜ் வரும்." பக்கத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். காத்திருப்பவர்கள் எல்லோரும் தலைகுனிந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். சாப்பிடுகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருத்தர்கூட இல்லை!

அதனால் என்ன என்கிறீர்களா? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். சுற்றுலாவும் விருந்தோம்பலும் என்கிற துறையில் ஆராய்ச்சி மாணவி. வருஷக்கணக்காக நான் ஆராய்ந்தது, இடம் காலியாவதற்காக நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்களைத்தான். புதன்கிழமை எனக்கு வைவா. வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டு, பட்டம் தரலாமா என்று முடிவு செய்யும் நாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஆராய்ச்சிப் பொருளையே காணோம்!

கூட வந்த ஜோஸபின் விழுந்து விழுந்து சிரித்தாள். சாந்தோம்காரி, ஹோட்டல் மேனேஜ்மென்ட்டில் என் பெஞ்ச்மேட், இப்போது ஒரு பெரிய ஹோட்டலில் ரிசப்ஷன்.

"மச்சி, உன் தீசிஸுக்கு ஒரு பூசை வச்சு அடக்கம் பண்ணிடலாமா?"

"சும்மா இருடி. அந்தப் பேராசிரியர் கேட்டா என்ன சொல்றது?"

"புதன்கிழமை இதைப் பத்தி மூச்சு விடாதே. அந்த ஆளு பெங்களூர்லேர்ந்து வர்றாரு. அவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அந்த நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன.

காலேஜில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, காத்திருக்கும் விருந்தினர் சாப்பிடும் விருந்தினரின் கண்ணில் படக்கூடாது என்பதுதான். அடையாறில் ஒரு ஹோட்டலில் டிரெயினிங். லாபியில் சோபா, மீன் தொட்டி, மெல்லிய இசை... அங்கே டியூட்டி முடிந்து நேராக மயிலாப்பூர் வந்தால், பசிக்கிறவர் சாப்பிடுகிறவரின் முதுகோடு ஒட்டி நிற்கிறார்! எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத அராஜகம். ஆனால் யாரும் யாரையும் முறைக்கவில்லை. ஏன்? அந்த 'ஏன்'தான் என்னை ஆராய்ச்சிக்கு இழுத்துக்கொண்டு போனது.

"ஹோட்டல்ல போய் தின்னுட்டு வர்றதுக்கு டாக்டர் பட்டமா?" என்றார் அப்பா. நியாயமான சந்தேகம்.

ஞாயிறுதோறும் போவேன். பாதி நாள் உட்காருவேன், பாதி நாள் நிற்பேன். கபாலீஸ்வரரைப் பார்த்த கையோடு வந்த ஒரு மாமி, ஒருநாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "நிதானமா சாப்டுடி கொழந்தே. நேக்கு ஒரு அவசரமும் இல்லே" என்றார். சொல்லும்போதே நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்! தீசிஸில் அந்தக் கைகளுக்கே ஒரு பக்கம். இன்னொரு நாள் ஒரு ஆட்டோக்காரர்: "இன்னாமா, வெறும் பொங்கலைத் துன்னுகினு கீற? கெட்டி சட்னி கேளும்மா. யோவ் சப்ளையர், பொண்ணுக்கு சட்னி ஊத்துய்யா!" அவர் அங்கே வேலை செய்பவர் இல்லை. என் இடத்துக்காகக் காத்திருப்பவர். ஆனாலும் எனக்கு சட்னி வந்தது.

இதுதான் என் ஆராய்ச்சியின் சாரம். பின்னால் நிற்பவர் தொந்தரவு அல்ல. அவர் பேச்சுக் கொடுப்பார், என்ன நன்றாயிருக்கிறது என்று கேட்பார், இல்லாததை வரவழைத்துத் தருவார். அந்த சில நிமிஷங்களுக்கு அவரும் ஒரு உபசரிப்பாளர். சம்பளமில்லாத சர்வீஸ்!

புதன்கிழமை. ஜோஸபின் சொன்னதை நான் கேட்கவில்லை. கடைசி ஸ்லைடில் டேப்லட்டையும் ஷாமியானாவையும் போட்டுவிட்டேன். மறைத்து வாங்கும் பட்டம் எதற்கு என்று ஒரு வேகம்தான். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

பெங்களூர்ப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். ஊர் பெங்களூர் என்றாலும் தமிழர்தான். கடுகடு தமிழர்.

"அவ்வளவு நல்ல பழக்கம்னா ஜனங்க ஏம்மா விட்டாங்க?"

"அவங்க விடலை சார். ஹோட்டல் மாத்திடுச்சு."

"மாத்தினதும் சந்தோஷமா போய் உக்காந்துட்டாங்களே! இடத்துக்கு அலையறவன் நின்னு நிதானமா பேசுவான், உபசரிப்பான்னு எழுதியிருக்கீங்க. எனக்கு நம்பிக்கை வரலை. பொறுமையில்லாததுக்கு நீங்க அழகா ஒரு பேரு வைக்கறீங்க, அவ்வளவுதான்."

பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவர் முகம் மட்டும் இளகவில்லை.

"ரிப்போர்ட் எழுதணும். டிபன் முடியட்டும், முடிவைச் சொல்றேன்" என்று கைடு மேடத்தின் அறைக்குள் போய்விட்டார்.

வைவா என்றால் மாணவர்தான் டிபன் ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. அதிலும் எங்கள் துறையில் ஆய்வைவிட வடையைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். அதே மயிலாப்பூர் ஹோட்டலிலிருந்து பொங்கல், வடை, கேசரி, காபி எல்லாம் வரவழைத்திருந்தேன். மாணவர்கள் பரிமாறிப் பழகும் சின்ன சாப்பாட்டுக்கூடம் எங்களுக்கு உண்டு. சில மேஜைகள்தான். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். நம்பி வந்தது என்னையா, பொங்கலையா தெரியாது.

சுவரோரமாக ஜோஸபினுக்கு எதிரே மிச்சமிருந்த கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் வீணா? யோசித்துக்கொண்டே ஒரு வாய் எடுத்தேன். அப்போது முதுகில் ஒரு உணர்வு. திரும்பிப் பார்க்காமலேயே தெரியும் எனக்கு. யாரோ நிற்கிறார்கள்.

ஜோஸபினின் கையில் வடை பாதி வழியில் நின்றது. கண்கள் மட்டும் பெரிதாகின.

"பொங்கல்ல நெய்யெல்லாம் நல்லா விட்டிருக்காங்களா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பெங்களூர்க் குரல்!

எழுந்திருக்கப் பார்த்தேன். "அட, உக்காருங்க. தட்டுல கேசரி இல்லையே? தம்பி, இங்கே மேடத்துக்குக் கொஞ்சம் கேசரி வைப்பா!" கேசரி வந்தது. "மெதுவா சாப்பிடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லே."

ஜோஸபினால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "சார்... கையைப் பாருங்க சார்!"

அவர் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். என் நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் கடுகடு முகம் உடைந்து சிரித்தது பாருங்கள்! கூடமே திரும்பிப் பார்த்தது.

"ரிப்போர்ட்டைக் கொஞ்சம் மாத்தி எழுதணும் போலிருக்கே..." என்றார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வாழ்த்துகள், டாக்டர்!"

கைதட்டல், விசில், கைடு மேடம் கண்ணில் தண்ணீர்... எல்லாம் நடந்தது.

அவர் மட்டும் நாற்காலியை விடவே இல்லை.