களவுபோன சாமானும் திரும்பி வந்த சாமானும்

என் வளவில் முதலில் காணாமல்போன சாமான் தானாகவே திரும்பி வந்துவிட்டது. என் குழப்பம் அதிலிருந்துதான் தொடங்கியது.

உப்புவெளியில் கடற்கரை ஒழுங்கை முடிகிற இடத்தில் எனக்கு ஒரு வேலை வளவு இருக்கிறது. மீன்பிடிப் படகுகளின் வெடிப்புகளை ஒட்டுவேன், இஞ்சின்களைக் கழற்றித் திருத்துவேன். இஞ்சினைத் தூக்குவதற்கென்று ஒரு செயின் புளொக், சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற சாமான், தகரக் கொட்டிலின் இரும்புக் குறுக்குச் சட்டத்தில் எப்போதும் தொங்கும். வீடு அன்புவழிபுரத்தில். மத்தியானத்தில் கேற்றைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுத் திரும்புவேன்.

ஒரு நாள் அப்படித் திரும்பியபோது சட்டத்தில் எதுவும் தொங்கவில்லை. கேற்றின் பூட்டு பூட்டியபடி இருந்தது. கிடுகு வேலியில் ஓர் ஓலைகூட விலகியிருக்கவில்லை. மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, ஆருக்காவது குடுத்திட்டு மறந்திருப்பியள்" என்றாள்.

"அது என்ன குடையா, குடுத்திட்டு மறக்க? தூக்கிறதுக்கே ரெண்டு கையும் வேணும்."

பொலிஸில் போய் முறைப்பாடு கொடுத்தேன். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த இளம் கான்ஸ்டபிள் ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த வாரம் முடிவதற்குள், மறுபடி ஒரு மத்தியானத்துக்குப் பிறகு, செயின் புளொக் பழைய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சங்கிலிக்கு யாரோ நன்றாகக் கிறீஸ் பூசியிருந்தார்கள். நான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வேலை அது. கொட்டிலுக்குள் அப்படியே நின்றேன். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்தபோது விரலில் கிறீஸ் ஒட்டியது. கனவில்லை.

திரும்பவும் பொலிஸுக்குப் போனேன்.

"அண்ணை, சாமான் இருக்கெண்டால் நான் என்னத்தை எழுதுறது?" என்றார் கான்ஸ்டபிள்.

"ஆரோ எடுத்தவன்."

"எடுத்தவன் கொண்டுவந்து வைச்சும் போட்டான். பூட்டும் உடையேல்ல. நீங்கள் வடிவா யோசிச்சுப் பாருங்கோ."

வடிவாக யோசித்தேன். யோசிக்க யோசிக்க என் மூளையில்தான் ஏதோ கோளாறு என்று பட்டது. வீட்டில் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடும்போதெல்லாம் மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினாள்.

பிறகு இரண்டாவது களவு நடந்தது. இந்த முறை பின்வேலி வெட்டப்பட்டிருந்தது. சாமான் பெட்டியின் பூட்டை நெம்பி உடைத்திருந்தார்கள். இரும்பு அறுக்கிற கிறைண்டரும் துளை போடுகிற டிரில்லும் போய்விட்டன. சொன்னால் சிரிப்பீர்கள், நான் உடனே பொலிஸுக்குப் போகவில்லை. இவையும் திரும்பி வரும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் சாப்பிட்டுவிட்டு வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பேன். கிறீஸ் பூசிக் கொண்டுவந்து வைக்கிற கள்ளன் கிறைண்டரையும் துடைத்து வைப்பான் என்று ஏனோ நம்பினேன். வைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது.

பொலிஸில் இரண்டாவது முறைப்பாட்டைக் கொடுத்தேன். கோபத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். கொட்டிலுக்கு வருகிற கரண்டிலிருந்து ஒரு வயரை இழுத்து, வேலியைச் சுற்றியும் இரும்புக் கேற்றிலும் வெறுங்கம்பி கட்டினேன். நான் இல்லாத நேரத்தில் தொடுகிறவன் துடிக்கட்டும் என்று நினைத்தேன். சுவிச்சை மட்டும் இன்னும் போடவில்லை. அதற்குள் முறைப்பாட்டைப் பார்க்க அந்தக் கான்ஸ்டபிள் வந்துவிட்டார். வெட்டுப்பட்ட வேலியைப் பார்க்கப் போனவர் கம்பியைத்தான் பார்த்தார்.

"இது என்ன?"

"கள்ளனுக்கு."

"இதை இப்பவே கழட்டுங்கோ. நான் நிக்கேக்கையே கழட்டுங்கோ. ஆள் செத்தால் நான் உங்களைத்தான் பிடிக்க வரவேணும்."

"என்ர வளவுக்குள்ள களவெடுக்க வந்து செத்தாலுமோ?"

"ஓம். உங்கட வளவுக்குள்ள வந்து செத்தாலும். ஆளைக் கொல்லுறதுக்குப் பொறி வைக்க ஆருக்கும் ஏலாது. அதோட, கள்ளன் மட்டும்தான் தொடுவான் எண்டு கம்பிக்குத் தெரியுமா? ஆடு வரும், பக்கத்து வீட்டு ஆக்கள் வருவினம்."

கழற்றினேன். கழற்றும்போது என் தலைக்குள் ஒன்றும் சரியாக ஓடவில்லை. நிலம் என்னுடையது, சாமான் என்னுடையது, வேலியை வெட்டியவன் யாரோ. பிடிபடப் போகிறவன் மட்டும் நானா? அப்படியென்றால் நான் என்னதான் செய்யலாம் என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்னது இன்னும் குழப்பியது. கிடுகு வேலியை எடுத்துவிட்டு உள்ளே தெரிகிற மாதிரிக் கம்பிவலை அடிக்கச் சொன்னார். உயரமான வேலி உள்ளே நிற்கிற கள்ளனை ஒழுங்கையில் போகிறவர்களிடமிருந்து மறைத்துவிடுமாம். சாமான் பெட்டியைக் கொங்கிறீட்டில் வைத்துப் பதிக்கச் சொன்னார். ஒவ்வொரு சாமானிலும் அடையாளம் வெட்டி, இலக்கத்தோடு படம் எடுத்து வைக்கச் சொன்னார். கேற்றுக்கு ஒரு கமரா. ஆளைக் கண்டால் சத்தம் போடலாம், பொலிஸுக்குப் போன் எடுக்கலாம், அடித்து நொறுக்கப் போகக்கூடாது. என் வளவைக் காப்பாற்ற அதை ஊருக்கே திறந்து காட்ட வேண்டும் என்பது என் புத்திக்கு ஏறவில்லை. ஆனாலும் செய்தேன்.

கம்பிவலை அடித்து கமரா பூட்டிய மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா கேற்றடிக்கு வந்துவிட்டா. தைத்துப் பிழைக்கிறவ. அளவு நாடா கழுத்தில் தொங்கியது.

"தம்பி, அந்தக் கமரா என்ர கிணத்தடியைப் பாக்குது. நான் எங்க குளிக்கிறது?"

போனில் அவவுக்கே படத்தைக் காட்டினேன். உண்மைதான். படத்தின் பாதி அவவின் கிணற்றடி. வெட்கத்தோடு ஏணியை வைத்து ஏறிக் கமராவை ஒழுங்கைப் பக்கம் திருப்பினேன். அக்கா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

"ஏன் தம்பி இவ்வளவு பாடு?"

"செயின் புளொக்கை ஆரோ கொண்டுபோனதல்லோ அக்கா. திருப்பிக் கொண்டுவந்தும் வைச்சது."

"அதையோ? அது உங்கட கூட்டாளிதானே கொண்டுபோனவர். திறப்பாலை திறந்து வந்தவர். என்னோட சுகம் விசாரிச்சுக் கதைச்சிட்டுத்தான் போனவர். நீங்கள் அனுப்பினனீங்கள் எண்டல்லோ நான் நினைச்சன்."

ஏணியிலிருந்து இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கூட்டாளி என்று அவ சொன்னது கிண்ணியாக்காரனை. இந்த வளவை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினோம். பிறகு, நாங்கள் திருத்திக் கொடுத்த ஒரு படகுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அவன் ஒட்டினது பிழை என்றேன் நான், நான் அடித்தளம் போட்டது பிழை என்றான் அவன். யாருடைய பிழை என்று இன்றுவரைக்கும் தெரியாது. அடுத்த நாள் அவன் வரவில்லை, நானும் தேடிப் போகவில்லை. செயின் புளொக் சேர்ந்து வாங்கியது. கேற்றுப் பூட்டின் சாவி, நாங்கள் திறப்பு என்கிறது, அவனிடமும் ஒன்று இருந்தது எனக்குத் தெரிந்த விஷயம்தான். கள்ளனை நினைத்துக்கொண்டிருந்த மனதுக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை.

அன்று பின்னேரமே பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று வழி முழுக்க மாற்றி மாற்றி யோசித்தேன். சண்டை பிடிக்கவும் தயாராக இருந்தேன், மன்னிக்கவும் தயாராக இருந்தேன். அவன் வீட்டு முற்றத்தில் ஒரு இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்தான்.

"வா மச்சான். கதிரைல இரி."

"செயின் புளொக்கை நீயா எடுத்தாய்?"

"ஓம். ரெண்டு பேரும் சேந்து வாங்கினதுதானே. ஒரு இஞ்சின் தூக்க இருந்திச்சி, எடுத்தன், திருப்பி வெச்சன். சங்கிலி காஞ்சிபோய்க் கிடந்திச்சி, கிறீஸும் போட்டன்."

"எனக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே."

"கேட்டா நீ தரமாட்டா எண்டு நெனைக்கல்ல. கேக்கத்தான் வாய் வரல்ல. நீ சாப்பிடப் போற நேரம் தெரியும். தொறப்பு எனக்கிட்ட இரிக்கிதானே."

"நான் பொலிஸில முறைப்பாடு குடுத்திட்டன்."

அவன் முகம் மாறியது. "என்னப் பத்தியா?"

"உன்னைப் பற்றியெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

கிறைண்டரையும் டிரில்லையும் பற்றிக் கேட்டேன். அல்லாஹ் மேல் ஆணையாகத் தெரியாது என்றான். நம்பினேன். பிறகு நம்பவில்லை. அவன் மனைவி கொண்டுவந்து தந்த பிளேன்டீயைக் குடிக்கிறபோது மறுபடி நம்பினேன். திடீரென்று அந்தக் கம்பி நினைவுக்கு வந்தது. இவன் மத்தியான நேரத்தில் வந்து கையை வைத்திருக்கக்கூடிய அந்த இரும்புக் கேற்றிலும் நான் கம்பி கட்டியிருந்தேன். கான்ஸ்டபிள் ஒரு நாள் பிந்தி வந்திருந்தால் சுவிச்சைப் போட்டிருப்பேன். அவனிடம் அதைச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு, டவுனில் பழைய சாமான் விற்கிற கடையொன்றில் என் கிறைண்டரைக் கண்டேன். உடைந்த கைப்பிடிக்குப் பதிலாகச் சைக்கிள் கைப்பிடி ரப்பரை நான்தான் மாட்டியிருந்தேன், அதில் சந்தேகமில்லை. கை தானாக அதை எடுத்துவிட்டது.

"அண்ணை, வாங்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"இது என்ர."

"நான் ஒரு ஆளிட்ட வாங்கினது. உங்கடயெண்டால் பொலிஸோட வாங்கோ."

என் கிறைண்டரை அந்த மேசையிலேயே வைத்துவிட்டு, வெளியில் போய் அந்தக் கான்ஸ்டபிளுக்குப் போன் எடுத்தேன். தூக்கிக்கொண்டு ஓடினால் நான் கள்ளனாகிவிடுவேனோ என்ற பயம். பொலிஸ் வந்தது, கிறைண்டரை எடுத்தது. என்னிடம் தரவில்லை. அது இனி வழக்குச் சான்றாம், நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமாம். களவுபோன சாமான் கிடைத்த பிறகும் எனக்கு இல்லை. அந்த நாட்களில் வேலை நின்றுபோகாமல் இருந்ததற்குக் காரணம் கிண்ணியாக்காரன். தன் கிறைண்டரைக் கொண்டுவந்து கொட்டிலில் வைத்துவிட்டு, "வெச்சிக்க" என்று மட்டும் சொன்னான். இந்த முறை வருமுன் போன் எடுத்தான்.

கடைக்காரர் காட்டிக்கொடுத்த ஆளை நீதிமன்றத்தில்தான் முதலில் பார்த்தேன். என்னைவிட வயது கூடியவர், மெலிந்தவர். வேலை தேடி ஊர் ஊராகத் திரிகிறவராம். அவருடைய மனைவி ஒரு பையில் சோற்றுப் பார்சலோடு பின்னால் கிடந்த நீள வாங்கில் இருந்தா. அந்த மனிதரை வெறுக்க வேண்டும் என்று முயன்று பார்த்தேன், வரவில்லை. பாவம் என்று நினைக்கவும் மனம் முழுதாக இடம் தரவில்லை, என் டிரில்லை இவர் எங்கே விற்றார் என்றே கேட்கத் தோன்றியது. டிரில் கிடைக்கவே இல்லை. தான் எடுத்தது கிறைண்டர் மட்டும்தான் என்று அவர் சொன்னாராம்.

நான் பிடித்த லோயர் கேட்க, நீதவான் கிறைண்டரைப் பிணையில் எனக்கு விடுவித்தார். கேட்கிற நேரம் கொண்டுவந்து காட்ட வேண்டும், விற்கக்கூடாது, அடையாளத்தை மாற்றக்கூடாது. கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டு வந்து, கிண்ணியாக்காரன் பார்த்துக்கொண்டிருக்க ஓட்டிப் பார்த்தேன். உள்ளே மோட்டாரின் கார்பன் கட்டை தேய்ந்து தீப்பொறி பறந்தது.

"கார்பன மாத்து மச்சான்" என்றான்.

"மாத்தலாமோ? இது வழக்குச் சாமான்."

அவனும் யோசித்தான். கான்ஸ்டபிளுக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, எனக்கும் வடிவாத் தெரியேல்ல. லோயரைக் கேட்டுப் பாருங்கோ" என்றார். லோயர் போனை எடுக்கவில்லை. கிறைண்டரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கிண்ணியாக்காரனின் கிறைண்டரை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் திருத்தக் கிடந்த படகுக்குப் போனோம்.