ஸ்டீயரிங்கில் தொங்கிய டோக்கன்

போன வாரம் நான் வேலை பார்க்கும் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒருவர் தன் பழைய கார்மேல் போட்டிருந்த உறையை உருவினார். பல மாதம் மூடிக் கிடந்த வண்டி. சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார், பிடிக்கவில்லை. எரியாத பெட்ரோல் நாற்றம் தளம் முழுக்கப் பரவியது. அங்கே நிற்கும் வண்டிகளில் பாதி கரண்டில் ஓடுபவை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, பின்னால் வந்து நின்று ஆளைக் கொல்லப் பார்க்கும். ஓர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதாவது லீக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். கார்க்காரர் நான் உதவிக்கு வருவேன் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் போகவில்லை. அந்த நாற்றத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

விடியற்காலையில் ஊரிகத்தில் ரயில் ஏறி இங்கே பெங்களூருக்கு வந்து மோட்டார், ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிற ஆள் நான். எங்கள் ஊரிலிருந்து பாதி சனம் அந்த ரயிலில்தான் கிடக்கிறது. உட்கார இடம் கிடைத்தால் தூங்குவேன், கிடைக்காவிட்டால் சண்டை போடுவேன். அன்றைக்கு இரண்டும் செய்யவில்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டு, ஒரு தகரக் கொட்டகையை நினைத்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் ஊரில், சாம்பியன் ரீப்ஸ் பக்கம் ஒரு காலி பங்களாவின் பின்னால் இருந்தது அந்தக் கொட்டகை. அப்போது ஊருக்கே சோறு போட்ட தங்க மைன்ஸ் மூடி மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஊரில் சத்தமே இல்லாமல் போயிருந்தது. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் சத்தம் நின்றதே கிடையாது. ஏதாவது ஒரு கம்ப்ரஸர் ஓடும், ஆட்கள் போகிற கேஜைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் எஞ்சின் உறுமும், ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் சங்கு ஊதும். எல்லாம் நின்றதும் எனக்குக் காது வலித்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, டாக்டரிடம் போனேன். அவர் ஒன்றுமில்லை என்றார். அதுதானே வியாதி என்று கேட்டுவிட்டு வந்தேன்.

கொட்டகைக்குள் கார் கிடந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை இல்லை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும், கம்பிச் சக்கரம், நீள மூக்கு. மைன்ஸ் அதிகாரி யாரோ ஓட்டிக் களைத்துப்போய் விட்டுவிட்டுப் போன வண்டி. சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. பங்களாவின் தட்டுமுட்டுச் சாமான்களை வாங்கினவர் ஹார்டுவேர் கடை முதலியார். எதைப் பார்த்தாலும் எடை போடுகிற அந்த மனிதர் இதை மட்டும் எடை போடவில்லை. என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவர் போலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“மேஸ்திரி, இத்த ஒரே ஒரு தடவ ஃபைவ் லைட்ஸ் சர்க்கிள் வரைக்கும் ஓட்டிக்கினு போய் வந்துட்டா போதும் எனக்கு.”

“மொதல்ல உங்க வயிறு உள்ள பூருமான்னு பாருங்க” என்றேன். சிரித்தார். அவரிடம் அப்படிப் பேசலாம்.

எஞ்சினைத் திறந்தால் பிஸ்டன்கள் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தன. டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தேன். பெங்களூருக்குக் கொண்டுபோய் சிலிண்டர்களைக் கடைந்து போர் போட்டு வந்தேன். அதுவரை என்னால் முடிந்தது. அடுத்தது கிராங்குக்கு பேரிங் உட்கார வைப்பது. நீலம் தடவி, வைத்து, எடுத்து, பட்ட இடத்தைச் சுரண்டி, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். அவசரக்காரனுக்கு வராத வேலை. நான் அவசரக்காரன். ஊரில் அதைச் சுத்தமாகச் செய்கிறவன் ஒருவன்தான் இருந்தான், சேகர். என்னோடு ஒரே நாளில் மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவன். அப்போது அவன் என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் சொல்கிறேன். சொல்ல இஷ்டமில்லை, ஆனால் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கம்பெனிச் சட்டம் ஆங்கிலத்தில் சுவரில் தொங்கும், அதை யாரும் படித்ததில்லை. இது எங்கள் ஆட்களே வைத்துக்கொண்டது. ஆளுக்கொரு நம்பர் அடித்த பித்தளை டோக்கன் உண்டு. மெஷினுக்குள் கை விடுகிறவன் முதலில் தன் டோக்கனை ஸ்டார்ட்டர் கைப்பிடியில் மாட்டுவான். மாட்டினவன்தான் எடுக்க வேண்டும். ஃபோர்மேன்கூடத் தொடக் கூடாது. மறந்து வீட்டுக்குப் போய்விட்டான் என்றால் ஆள் அனுப்பிக் கூட்டி வருவார்கள். சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு வர வேண்டியதுதான்.

ஒரு நாள் கம்ப்ரஸர் நின்றிருந்தது. சுரங்கத்துக்குள் ஆட்கள் நிற்கும் லெவலில் காற்று வரவில்லை என்று போன்மேல் போன். சங்கு ஊதி ஷிஃப்ட் மாறிவிட்டது. கைப்பிடியில் சேகர் டோக்கன் தொங்கியது. அவன் சைக்கிள் இல்லை. போய்விட்டான், எடுக்க மறந்துவிட்டான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். யோசிக்கவே இல்லை. டோக்கனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கைப்பிடியைத் தள்ளினேன். சைக்கிளை அவன் மச்சான் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். சேகர் பெல்ட்டுக்குப் பின்னால் குனிந்திருந்தான். அவன் கத்தவில்லை. “டேய்” என்று ஒரு குரல், அவ்வளவுதான். வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

விசாரணையில் அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான், டோக்கனைத் தானே எடுத்துவிட்டு மறுபடி கை விட்டதாக. என் வேலை தப்பியது. டோக்கனை அவன் மச்சானிடம் கொடுத்தனுப்பினேன். அன்றிலிருந்து அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலியாருக்கு இந்தக் கதை தெரியும். ஊருக்கே தெரியும், விசாரணை நடத்தினவர்களைத் தவிர. இருந்தும் அவர் சேகரை என்னிடம் சொல்லாமலே கூட்டி வந்துவிட்டார். அவன் கொட்டகை வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றான். திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். ஆனால் மேஜைமேல் எஞ்சின் பிளாக் இருந்ததே. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே வந்தான். சட்டைப் பையிலிருந்து தன் பழைய டோக்கனை எடுத்து, காரின் ஸ்டீயரிங்கில் ஒரு கம்பியால் மாட்டினான். மைன்ஸே போய்விட்டது, அவன் டோக்கன் மட்டும் பையில் இருந்திருக்கிறது.

அப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று எனக்குக் கணக்கில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே நீளமான பகல் மாதிரி மனசில் கிடக்கிறது. தகரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் வழியாகச் சின்னச் சின்ன வட்டமாக வெயில் விழும். காலையில் சுவரில் இருக்கும் வட்டங்கள் மெதுவாக இறங்கி, எஞ்சின்மேல் ஊர்ந்து, சேகரின் முதுகில் ஏறி, சாயங்காலம் எதிர்ச் சுவரில் சிவந்து போய்விடும். வெளியே தைல மரம் மணக்கும், உள்ளே மண்ணெண்ணெய். மூன்று விரலால் அவன் சுரண்டுகிற சத்தம் எலி கொறிப்பது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் வால்வுகளைத் தேய்ப்பேன். இரண்டு பேரும் ஒரே எஞ்சினை யோசித்துக்கொண்டிருந்தோம். அதுவும் ஒரு பேச்சுதான் என்று இப்போது தோன்றுகிறது.

வாய்ப் பேச்சு என்றால் அவன் முதலியாரிடம்தான். நான் ஒரு முழம் தள்ளி நிற்பேன். “முதலியார், அந்த ஆள அரை இஞ்சி ஸ்பேனர் எடுக்கச் சொல்லுங்க” என்பான். முதலியார் என் பக்கம் திரும்பி, “அரை இஞ்சி ஸ்பேனராம்” என்பார். நான் அவரிடம் கொடுக்க, அவர் அவனிடம் கொடுப்பார். கடையில் நூறு பேரை விரட்டுகிற மனிதர் இப்படி எங்களுக்குத் தபால்காரராக இருந்தார்.

ஒரு ஞாயிறு எல்லாம் பூட்டி முடிந்தது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை வெறுமனே சுழலவிட்டு, ஆயில் மீட்டரில் முள் ஏறுவதைப் பார்த்தோம். அடுத்த வாரம் ஸ்டார்ட் செய்யலாம் என்று சேகர் முதலியாரிடம் சொன்னான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. டோக்கன் ஸ்டீயரிங்கில் தொங்கியது.

முதலியார் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். “அது இன்னா காரு மேஸ்திரி, மைன்ஸா? எடுத்து ஓரமா வெச்சிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பெல்ட் கிடையாது, உள்ளே கை விட்டவன் யாரும் கிடையாது, வண்டியைச் சுற்றி நாங்கள் இரண்டு பேர்தான். என் கை டோக்கன் வரை போனது, பொய் சொல்லவில்லை. பித்தளை சில்லென்று இருந்தது. விட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரிகம் போனேன்.

மைன்ஸ் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றின் வாசலில் சேகர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி “வாங்கண்ணா” என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“எல்லாம் ரெடியா கீது. நீ வந்தாதான்.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். ஆறு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. “நீயே எடுத்துக்குவியே.”

அந்த அடியை வாங்கிக்கொண்டேன். “எடுக்கல. வந்து பாரு.”

வாசலில் கிடந்த ஒரு கல்லை எடுத்துத் தள்ளிப் போட்டான். பிறகு, “ரெண்டு ஞாயித்துக்கெழமையா இங்கியே குந்திக்கினு காத வச்சிக்கினு கீறேன். வண்டிச் சத்தம் வருதான்னு.”

“வந்துதா?”

“வர்ல” என்றான். எழுந்து சட்டையை மாட்டினான்.

அன்றைக்கு விசாரணையில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று வழியில் கேட்க நினைத்தேன். அவன் முன்னால் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனான். கேட்கவில்லை.

கொட்டகையில் கம்பியை முறுக்கு அவிழ்த்து டோக்கனை எடுத்துப் பையில் போட்டான். என்னைச் சீட்டில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினான். அந்த வண்டியில் இரண்டு கார்புரேட்டர். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம் இழுக்க வேண்டுமென்றால் அவற்றின் வாயைக் கையால் அடைக்க வேண்டும். சேகர் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு வாயில் வைத்தான். ஐந்து விரல் ஒன்றில், மூன்று விரல் ஒன்றில். வைத்துவிட்டுக் காத்திருந்தான். ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தேன்.

படார் என்று வெடித்தது. கார்புரேட்டர் வழியாக நெருப்பு திருப்பி அடித்தது. கொட்டகைத் தகரம் அதிர்ந்து துரு கொட்டியது.

அடுத்த நிமிஷம் வெளியே காலடிச் சத்தம். பக்கத்து லைன் பெண்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் மாவு. எங்கள் ஊரில் பூமிக்கடியில் பாறை வெடித்தால் வீடு குலுங்கும். பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடுவார்கள். மூன்று வருஷமாக உள்ளே ஓர் ஆள் இல்லை. கால்களுக்கு அது தெரியவில்லை.

“எந்த ஷாஃப்ட்டு?” என்றாள் மாவுக்காரி.

ஷாஃப்ட் ஏதும்மா, காரும்மா என்றார் முதலியார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். “எங்க வூட்டுக்காரரு வூட்லதான் தூங்கினு கீறாரு. அவரத் தாண்டிக்கினு ஓடியாந்துட்டேன்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான்.

சேகர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரி. முழங்கை வரை மயிர் கருகியிருந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. மறுபடியும் நான், மறுபடியும் அவன் கை. அவன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

“டேய், அறிவு கெட்டவனே. பிஸ்டன் ரெண்டு தடவ மேல வருமேடா. எந்தத் தடவைக்கு நெருப்பு வெச்சிக்கிற? காத்த உள்ள இழுக்கற நேரத்துல வெச்சிக்கிறயே. இருவது வருஷம் இன்னாத்தடா புடுங்கின?”

முதலியார் அதை எனக்குத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

திட்டினான், விடாமல் திட்டினான். என் அப்பன் வரைக்கும் போய் வந்தான். ஆறு வருஷத்துக் கடன் எல்லாம் அதில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு பிளக் ஒயர்களை எதிரெதிராக மாற்றிச் சொருகினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

மாற்றி முடித்ததும் அவன் கையைப் பேன்ட்டில் துடைத்தான். குனிந்தான். கருகிய அதே இரண்டு கைகளையும் அதே இரண்டு வாயில் வைத்தான்.

“ம்” என்றான்.

இழுத்தேன். இரண்டு சுற்று வெறுமனே சுற்றியது. ஒரு சிலிண்டர் இருமியது. பிறகு நான்கும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. சேகர் கைகளை மெல்ல மெல்ல விலக்கினான், தொட்டிலிலிருந்து எடுப்பது போல. ஆயில் முள் எழுந்து நின்றது. தகரம் நடுங்கியதில் வெயில் வட்டங்கள் எல்லாம் சுவரிலும் எங்கள்மேலும் நடுங்கின. நீலப் புகைக்குள் அவை மிதப்பது போலிருந்தது. பெண்கள் போகாமல் நின்றார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் ஓர் எஞ்சின் சத்தம். சேகர் அந்த மூன்று விரல் கையை எஞ்சின் தலைமேல் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, “ஓடுதுடா” என்றான்.

முதலியார் ஃபைவ் லைட்ஸ் வரை போய் வந்தார். வயிறு ஸ்டீயரிங்கில் முட்டியது, அதனால் ஹாரன் தானாக அடித்துக்கொண்டே போனது. அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் வண்டியைப் பெங்களூரில் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கொட்டகைத் தகரத்தை யாரோ கழற்றிப் போனார்கள், சுவரும் போயிற்று. இப்போது சனி ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்து, தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சைனைட் மேட்டின்மேல் ஏறி ஆடுகிறார்கள். ஊரே இவர்களுக்கு ஒரு படுதா. பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

சேகர் அதற்குப் பிறகு பல வருஷம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தான். ரயிலில் திட்டுவான், டீக்கடையில் திட்டுவான், என் பெண் கல்யாணத்தில் பந்தியில் திட்டினான். நெஞ்சில் கல் தூசி சேர்ந்து மூச்சு குறைந்த பிறகு, பாதித் திட்டில் நிறுத்தி இளைப்பாறிவிட்டு மீதியைத் திட்டுவான். நான் காத்திருப்பேன். போன தைக்கு முந்தைய தையில் போய்விட்டான்.

முந்தாநாள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றி மாட்டினேன். ஒயர் இரண்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது, மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. கற்றுக்குட்டி செய்கிற தப்பு. நிறுத்தி, சரியாக மாற்றி, ஓடவிட்டேன். தண்ணீர் ஏறியது. அப்புறமும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். யாரும் திட்டவில்லை.