பாவாவின் ட்ரம்பெட்டைக் குளிப்பாட்டினேன்

ஆனிக் கிருத்திகையில் ஒரு காவடியின் முனை இடித்து என் ட்ரம்பெட்டின் வாய் நசுங்கிவிட்டது. அது சென்னையில் ஒடுக்கு எடுக்கக் கிடந்ததால், ஆடிக் கிருத்திகைக்குப் பாவாவுடையதை இரவல் வாங்கினேன். பாவா என் அக்கா வீட்டுக்காரர். அவரும் பேண்டு செட்டுதான். அன்று மாலை அரக்கோணத்தில் அவருக்கு ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மூன்று மணிக்குள் ட்ரம்பெட் கைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மலையடிவாரத்தில் காவடிக்காரர்கள் காலில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர், வாசித்துக்கொண்டிருந்த எங்கள் மேலும் தெறித்தது. கூடவே விபூதியும் பறந்தது. நடு வால்வை அழுத்தினால் இறங்கியது, ஏறி வரவில்லை. கடைசிப் பாட்டை மீதி இரண்டு வால்வை வைத்தே ஒப்பேற்றினேன். பம்பைச் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை.

கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மூன்று வால்வுகளையும் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு போட்டுக் கழுவித் துண்டில் பரப்பினேன். உன்னைக்கூட நான் இப்படிக் குளிப்பாட்டியதில்லை என்றார் அம்மா. துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, மாட்டி ஊதினேன். சத்தமே இல்லை. காற்று சுவரில் முட்டியதுபோலக் கன்னத்துக்கே திரும்பி வந்தது. மறுபடி ஊதினேன். காதுதான் அடைத்தது.

அதற்குள் பாவாவின் பைக் வந்துவிட்டது. மறைக்க வழியில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு, வால்வுகளைக் கழற்றி ஒன்றை என் கண்ணருகே நீட்டினார். பக்கவாட்டில் பொடி எழுத்தில் 3 என்று பொறித்திருந்தது.

"இத்த எங்க மாட்டிகிற?"

"முதல் ஓட்டையில, பாவா."

"நான் ஆறாவதோட நின்னுட்டேன். உங்க காலேஜில மூணுக்கு அப்புறந்தான் ஒண்ணு வருதா?"

எங்கள் வீட்டில் காலேஜ் வரை போன முதல் ஆள் நான். அம்மா சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டார்.

தேங்காய் எண்ணெய் பிசுக்குக் கட்டும் என்று சொல்லி, அதை ஒட்டத் துடைத்தார் பாவா. தன் பையிலிருந்த வால்வு எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, வரிசையாக மாட்டி ஊதினார். எதிர்வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின.

அரக்கோணம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஸ்டேஷன்வரை பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்தேன். ட்ரம்பெட்டைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்தார்.

"கெட்டியா புடிச்சிக்க. வழியில தொறந்து பாத்துகினு வராத," என்று வண்டியை எடுத்தார்.