மூன்று அமாவாசைகளில் பார்த்த பள்ளிக்கூடம்

"எம் பொண்ண சேக்க நாலு பள்ளிக்கூடம் பாத்தேன் டீச்சர். உங்களுதுதான் கடைசி" என்றார் மாணிக்கவேல். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

இளமதிக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் அவள்தான் கணக்கு டீச்சர். "எதுலங்கண்ணா கடைசி?"

"எல்லாத்துலயும்தான். மூணு தடவ வந்தேன். மணி பத்து ஆவுது, டீச்சருங்க பாதிப்பேர் வரல. கிளாசுல பாதி பெஞ்சு காலி. இன்னிக்கும் அதே கதைதான்."

"எந்தெந்த நாள் வந்தீங்க?"

"தறி லீவு அன்னிக்குதான். வேற நாள்ல நான் எங்க எழுந்து வர்றது?"

"அமாவாசையிலயா?"

"ஆமா. இன்னிக்கு மூணாவது."

இளமதிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை. "அண்ணா, அமாவாசைன்னா ஆரணியில இருந்து சேத்துப்பட்டு பக்கம் வர்ற பஸ் பூரா மேல்மலையனூர் கோயிலுக்குப் போற கூட்டம். நடுவுல எறங்குறவங்கள கண்டக்டர் ஏத்தவே மாட்டான். மூணு பஸ்ஸ விட்டுட்டு நாலாவதுல ஒத்தக் கால்ல நின்னுகினு வந்தேன்."

"சரி, பெஞ்சு ஏன் காலியா கெடக்குது?"

"அதெல்லாம் தறிக்காரங்க வீட்டுப் பசங்க. நீங்க தறிய நிறுத்தினா அதுங்களுக்கும் லீவு. உங்க பொண்ணு இன்னிக்கு ஸ்கூலுக்குப் போச்சா?"

மாணிக்கவேல் பிடரியைச் சொறிந்தார். "அவங்க அம்மாவோட மலையனூருக்குப் போயிருக்குது" என்றார்.

மாணிக்கவேலுக்கு நாற்பத்து நான்கு வயது. வீட்டுக்குள்ளேயே, காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்யும் குழித்தறி. மற்ற நாளில் அவர் எழுந்தால் புடவை அப்படியே நிற்கும். கூட உட்காரும் மனைவி கமலமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அமாவாசை ஒருநாள்தான் அவர் கால் நீட்டி நடக்கிற நாள். டிசம்பரிலிருந்து அந்த ஒரு நாளையும் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்துவிட்டார். மகள் லாவண்யா ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது முடிக்கப்போகிறாள். ஆறாவதில் சேர்க்கிற இடத்தில் படிப்பு ஏறவில்லை என்றால் அவளும் தறியில்தான் வந்து உட்காருவாள். அது மட்டும் கூடாது என்று இருந்தார்.

போன இடத்திலெல்லாம் முதலில் குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார். பிறகு பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று ஆயம்மாவிடம் கேட்பார். டவுன் பள்ளியில் எல்லாம் சரி, வகுப்புக்கு எழுபது பேர். பெரணமல்லூர் பக்கம் ஒன்று; கட்டடம் புதிது, கணக்குக்கு ஆளில்லை. இன்னொன்றில் தாழ்ப்பாளே இல்லை. மச்சான் ஜெயக்குமாருக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. "பொண்ணு பாக்கப் போறவன்கூட ஒரு தடவ பாத்து, பஜ்ஜிய தின்னுட்டு முடிச்சுடறான். இவரு மாசாமாசம் போறாரு, பஜ்ஜியும் இல்ல" என்பான்.

இளமதியிடம் பேசிவிட்டுப் போனவர் அடுத்த வாரமே ஒரு புதன்கிழமை தறியை நிறுத்திவிட்டு வந்தார். அவள் வகுப்பு ஜன்னலுக்கு எதிரே சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் ஒன்பது மணியிலிருந்து நின்றாராம். அவளுக்குத் தெரியாது. பெஞ்செல்லாம் நிறைந்திருந்தது. அவள் ஒரு பையனைத் திட்டினாள். ஒரே கணக்கை மூன்று முறை போட்டாள். நடுவில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் மாணிக்கவேல் ஆசிரியர் அறைக்கு வந்தார். "டவுன் பள்ளிக்கூடம் மாதிரி இது இல்ல டீச்சர். கக்கூசுக்குத் தண்ணி பக்கெட்டுலதான் போவுது. ஆனா அந்தக் கணக்க மூணாவது தடவ கடைசி பெஞ்சு பொண்ணு ஒண்ணுக்காகத்தான போட்டீங்க?"

"அதுக்கு அப்பதான் புரிஞ்சுது."

"எங்க வூட்டுதும் கடைசி பெஞ்சுதான்" என்றார்.

ஜூனில் லாவண்யா சேர்ந்தாள். பேச்சுக் குறைவு. கூட்டல் கழித்தலில் தடுமாற்றமில்லை. பின்னம் வந்ததும் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இளமதி மதியத்தில் அவளை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வட்டத்தை நாலாக, எட்டாகப் பிரித்துக் காட்டுவாள்.

அந்த வருஷம் இடமாறுதல் கலந்தாய்வுக்கு இளமதி எழுதிக் கொடுத்திருந்தாள். வீடு வெம்பாக்கத்தில். ஐந்து வருஷமாக விடியலில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. அவள் ஊர்ப்பக்கம் ஒரு இடம் காலியாக இருந்தது.

செய்தி எப்படியோ மாணிக்கவேலின் காதுக்குப் போய்விட்டது. மாலையில் பள்ளி விட்டதும் வாசலில் நின்றிருந்தார். சட்டையில் பட்டு இழை ஒட்டியிருந்தது. தறியிலிருந்து நேராக எழுந்து வந்திருக்க வேண்டும்.

"நான் எட்டாவது படிக்கறப்ப கணக்கு வாத்தியார் மாறிப் போயிட்டாரு. ஒரு வருசம் பூரா யாருமே வரல. பெயிலாயிட்டேன். எங்கப்பா தறிக்குழில எறக்கிட்டாரு" என்றார்.

இளமதி பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நின்றாள்.

"அந்த வாத்தியார் மேல எனக்குக் கோவமில்ல டீச்சர். அவருக்கும் வூடு வாசல்னு இருந்திருக்கும். உங்களுக்கும் இருக்குது, நீங்க வர்ற பேஜாரு எனக்குத் தெரியும். போவாதீங்கன்னு சொல்ல எனக்கு வாயில்ல." சட்டையில் ஒட்டிய இழையைப் பிய்த்தெடுத்தார். "ஒரே ஒரு வருசம் தள்ளிப் போடுங்க. அவளுக்கு அந்தப் பின்னம் புரியற வரைக்குமாவது இருந்துட்டுப் போங்க."